மண்டையைத் திறக்காத மூளை வைத்தியம்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் நாம் பேசியதின் சாரம்)



காதுக்குக் கேளாத ஒலியைக் கொண்டு மூளை வியாதிகளுக்குச் செய்யப்படும் வைத்தியத்தைப் பற்றிப் பேசும்படி இந்த வாசகசாலைத் தோழர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். நாம் டாக்டரல்ல, எந்தக் காலேஜிலும் வைத்தியம் படித்தவருமல்ல. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்ததையும், விளங்காத இடத்தை விளங்கினவர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டதையுமே இங்கு சொல்லப்போகிறோம். ஆதலால் நாம் சொல்லிவிட்டோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாமல், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் ஒப்புக்கொள்ளும்படி முதலிலேயே கேட்டுக்கொள்ளுகிறோம்.

இப்போது கைப்பேசிகளில் ஒரு மாதிரிப் படங்கள் சுற்றி வருகின்றன. ஒரு கிழவர் காகிதத்தில் சுருள் கோடு போடுகிறார். கை நடுங்குகிற நடுக்கத்தில் அந்தக் கோடு கோழி கிளறின மண்ணைப்போல் இருக்கிறது. அவரைக் கொண்டுபோய் ஒரு யந்திரத்துக்குள் படுக்கவைக்கிறார்கள். சில மணி நேரத்துக்கெல்லாம் எழுந்து வந்து, அதே கையால், அதே சுருளை, கோணலில்லாமல் போட்டுக் காட்டுகிறார். அவர் பெண்டாட்டி பக்கத்தில் நின்று அழுகிறாள். கத்தியில்லை, இரத்தமில்லை, மண்டையில் துவாரமில்லை. இதைப் பார்த்த ஒருவர் நம்மிடம் “இதுவல்லவோ அற்புதம்!” என்றார். கூட இருந்த மற்றொருவர் “எல்லாம் பணம் பிடுங்கும் ஜாலம்” என்றார். இருவர் சொன்னதும் தப்பென்பதே நமது அபிப்பிராயம்.

முதலில் வியாதியைப் பார்ப்போம். கை நடுங்கும் வியாதிகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, வேறு காரணம் ஒன்றும் புலப்படாமல், டம்ளரை எடுக்கப் போனால், கையெழுத்துப் போடப் போனால் நடுங்குவது. மற்றொன்று பார்க்கின்சன் நோய். லண்டனில் வைத்தியராயிருந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்பவர் 1817-இல் இதைப்பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதியதால் அவர் பேரே இதற்கு வந்துவிட்டது. இதில் கை சும்மா இருக்கும்போதே நடுங்கும், உடம்பு விறைக்கும், நடை சுருங்கும், முகம் மரம்போலாகும். மூளையின் அடிப்பாகத்திலுள்ள ஒருவகை அணுக்கள், டோபமைன் என்ற சரக்கை உண்டாக்குபவை, கொஞ்சங்கொஞ்சமாகச் செத்துப்போவதால் வருவது இது.

இவ்வளவு தெரிந்த பிறகும் நம் ஊர்களில் நடப்பதென்ன? ஒரு சொட்டுக் கள்ளைத் தொட்டறியாத மனிதன், காப்பிக் கடையில் டம்ளரைப் பிடிக்க முடியாமல் சிந்தினால் “காலையிலேயே போட்டுவிட்டான்” என்கிறார்கள். முகம் விறைத்தவளைப் பார்த்துப் “பேய் அடித்தது” என்கிறார்கள். ஒன்றுக்கும் அடங்காவிட்டால் முன் ஜென்ம வினை என்று சொல்லிக் கையைக் கழுவிவிடுகிறார்கள். நடுக்கத்தைவிட இந்தப் பேச்சுக்குப் பயந்தே கல்யாணம், கருமாதி என்று எங்கும் போகாமல் வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டவர்கள் எத்தனை பேர்!

நிற்க. ஒலி விஷயத்துக்கு வருவோம். ஒலி என்பது அதிர்ச்சி. வினாடிக்குச் சுமார் 20 தடவை முதல் 20,000 தடவை வரை அதிர்ந்தால் நம் காதுக்குக் கேட்கும். அதற்கு மேலே போனால் வௌவாலுக்குக் கேட்கும், நமக்குக் கேட்காது. இதைப் புத்தகங்களில் மீயொலி என்கிறார்கள்; கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்குமிடத்தில் அல்ட்ராசவுண்டு என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். முதல் மகாயுத்தத்தின்போது, தண்ணீருக்குள் பதுங்கிவரும் ஜெர்மானியக் கப்பல்களைக் கண்டுபிடிக்க இந்த ஒலியைப் பயன்படுத்தலாமென்று பிரான்ஸ் தேசத்துப் பேராசிரியர் லாஞ்ஜவான் பரீட்சை செய்துகொண்டிருந்தார். ஒலி பாய்ந்த வழியில் அகப்பட்ட மீன்கள் செத்து மிதந்தன. அந்தத் தண்ணீரில் கை வைத்தவர்களுக்குச் சுரீரென்று வலித்தது. கப்பலைத் தேடப் போன இடத்தில், பலமான ஒலி உயிருள்ள சதையைச் சுடும், கெடுக்கும் என்பது தெரியவந்தது. கெடுப்பது தெரிந்தால், வேண்டிய இடத்தில் மாத்திரம் கெடுக்கப் பார்க்கலாமல்லவா? 1942-இல் நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையில், ஒலியை ஒரு புள்ளியில் குவித்து அங்கே மாத்திரம் காயம் உண்டாக்கலாமா என்று பரீட்சித்தார்கள்.

பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துப் பஞ்சைக் கொளுத்தாத பையன் இங்கு யாருமிருக்க மாட்டான். கண்ணாடிக்கு மேலே படும் வெயில் கையைச் சுடுவதில்லை. குவிகிற இடம் மாத்திரம் எரிகிறது. இந்த வைத்தியமும் அதுவே. ஆனால் மூளைக்கு மண்டையோடு என்ற ஒரு கோட்டைச் சுவர் இருக்கிறது. எலும்பு ஒலியை விழுங்கும். விழுங்கியதுபோக மிச்சத்தைத் திசை திருப்பிவிடும். 1950-களில் அமெரிக்காவில் இல்லினாய் சர்வகலாசாலையைச் சேர்ந்த வில்லியம் ஃபிரை, பிரான்சிஸ் ஃபிரை என்ற சகோதரர்கள், அயோவாவைச் சேர்ந்த ரணவைத்தியர் மையர்ஸ் என்பவரோடு சேர்ந்து பார்க்கின்சன் நோயாளிகளுக்கு இந்த வைத்தியத்தைச் செய்துபார்த்தார்கள். ஆனால் மண்டையோட்டில் ஒரு பாகத்தை எடுத்துவிட்டுத்தான் செய்ய முடிந்தது. மண்டையைத் திறப்பதென்றால் அப்புறம் ஒலி எதற்கு, கத்தியே போதுமே என்று அது நின்றுபோயிற்று.

பிறகு நாற்பது வருஷகாலம் பிடித்தது. பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், பின்லாந்தில் பிறந்த ஹைனினென், ஹங்கேரியில் பிறந்த யோலெஸ் முதலானவர்கள் இதற்கு வழி தேடினார்கள். ஒரு பெரிய ஒலிக்குப் பதிலாகச் சிறு சிறு ஒலிகள் பலவற்றை வைப்பதென்று ஏற்பட்டது. இன்றைய யந்திரத்தில், கவிழ்த்த அண்டாவைப்போன்ற ஒரு தொப்பியின் உட்புறத்தில் 1,024 ஒலிக்கருவிகள் இருக்கின்றன. எலும்பு எல்லோருக்கும் எல்லா இடத்திலும் ஒரே தடிப்பல்ல. எலும்பில் ஒலி வேகமாகப் போகும். இந்தக் கூட்டத்துக்குப் பல ஊர்களிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். எல்லோரும் ஒரே நிமிஷத்தில் இந்த வாசலில் வந்து நிற்க வேண்டுமென்றால், தார்ச்சாலையில் வருபவர் பிந்திக் கிளம்ப வேண்டும், சேற்று வரப்பில் வருபவர் முந்திக் கிளம்ப வேண்டும். அப்படியே நோயாளியின் மண்டையோட்டை சி.டி. ஸ்கேனில் அளந்து, 1,024 ஒலிகளில் எது எப்போது கிளம்பவேண்டும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. எல்லாம் ஒரே சமயத்தில் ஒரே புள்ளியில் போய்ச் சேருகின்றன.

செய்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறோம். ஏனென்றால் “ஒரு தொந்தரவுமில்லை” என்று விளம்பரம் செய்வார்கள். அது முழு உண்மையல்ல. தலையை மொட்டையடிக்கிறார்கள். (பழனிக்குப் போனாலும் மொட்டை, இங்கேயும் மொட்டைதானா என்று கேட்காதீர்கள். மயிருக்குள் காற்றுக்குமிழி தங்கினால் ஒலி போகாது என்பதற்காகவே அது. - சிரிப்பு.) ஒரு சட்டத்தை நான்கு திருகாணிகளால் தலையோடு அசையாதபடி பொருத்துகிறார்கள், அந்த இடத்தில் மாத்திரம் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். தலைக்கும் தொப்பிக்கும் நடுவே குளிர்ந்த தண்ணீர் ஓடுகிறது, எலும்பு சூடேறாமலிருக்க. எம்.ஆர்.ஐ. யந்திரத்துக்குள் மணிக்கணக்கில் விழித்தபடியே படுத்திருக்க வேண்டும். சிலருக்குத் தலைவலியும், தலைசுற்றலும், வாந்தியும் வருகின்றன. வைத்தியர் முதலில் இளஞ்சூடாகக் கொடுத்துப் பார்க்கிறார். எம்.ஆர்.ஐ. யந்திரம் மூளைக்குள் எந்த இடத்தில் எத்தனை டிகிரி சூடென்று அப்போதைக்கப்போதே காட்டுகிறது. நோயாளியை வெளியே இழுத்துச் சுருள் போடச் சொல்லுகிறார். நாக்கு குழறுகிறதா, விரல் மரத்ததா என்று கேட்கிறார். குறி தப்பியிருந்தால் இளஞ்சூட்டோடு நிறுத்தி இடத்தை மாற்றிக்கொள்ளலாம். குறி சரியென்று கண்ட பிறகே சுமார் 55, 60 டிகிரிக்கு ஏற்றிச் சுடுகிறார்.

சுடுவதென்றால் என்ன? தாலமஸ் என்ற பாகத்தில், ஒரு பயறளவு மூளையைச் சாகடிப்பதுதான். நடுக்கத்தின் தாளம் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது. வழியில் ஒரு கண்ணியை அறுத்துவிட்டார்கள். இது புது யுக்தியல்ல. முன்பே மண்டையில் துவாரமிட்டு, ஊசியை விட்டு, அதே இடத்தைச் சுட்டிருக்கிறார்கள். 1987-இல் பிரான்சில் கிரனோபில் நகரத்து பெனபித் என்ற வைத்தியர் சுடுவதற்குப் பதிலாக மின்கம்பியை உள்ளே வைத்து நடுக்கத்தை அடக்கினார். அது இன்றும் நடந்து வருகிறது, வேண்டாமென்றால் கம்பியை எடுத்துவிடலாம். ஒலியால் சுட்டதைத் திரும்ப வைக்க முடியாது. பார்க்கின்சன் நோயில் செத்துக்கொண்டிருக்கும் அணுக்கள் இதற்குப் பிறகும் செத்துக்கொண்டேதான் இருக்கும். நடுக்கம் நிற்கலாம், வியாதி நிற்பதில்லை. மாத்திரையை நிறுத்திவிடலாமென்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1960-களின் கடைசியில் நிலைபெற்ற லெவோடோப்பா மருந்துதான் இன்றும் இந்த நோய்க்கு முதல் மருந்து. பூனைக்காலி விதையில் அதே சரக்கு இருப்பதை நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களான தாமோதரன், இராமசாமி என்பவர்கள் 1937-லேயே எழுதியிருக்கிறார்கள். அதற்காக விதையை இடித்துத் தின்ன ஆரம்பித்துவிடாதீர்கள். ஒரு பிடி விதையில் எவ்வளவு மருந்து என்பது உங்களுக்குத் தெரியாது, மாத்திரையில் எவ்வளவென்று அட்டையிலேயே எழுதியிருக்கிறது.

சரி, இது பலிக்கிறது என்பதற்கு ருசு என்ன? அந்தப் படமா? படம் ருசுவாகாது தோழர்களே! பலித்த ஒருவனைப் படமெடுத்துக் காட்டுவதுதானே ஒவ்வொரு கோவிலிலும், தர்காவிலும், மாதா கோவிலிலும் செய்யும் வேலை? பலிக்காதவன் வீட்டுக்குப் போய்விட்டான்; அவனை யார் படமெடுத்தார்கள்?

இந்த வைத்தியர்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா சர்வகலாசாலையின் இலயாஸ் என்பவரைத் தலைமையாகக் கொண்டு, சாதாரண நடுக்கமுள்ள 76 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். 56 பேருக்கு நிஜ வைத்தியம். 20 பேருக்குப் பாவனை வைத்தியம். அதாவது, அவர்களுக்கும் மொட்டை, அவர்களுக்கும் சட்டம், அவர்களுக்கும் யந்திரம், மணிக்கணக்கில் படுக்கை. ஆனால் ஒலி மாத்திரம் பாய்ச்சப்படவில்லை. யார் எந்தக் கூட்டமென்பது நோயாளிகளுக்குத் தெரியாது. நடுக்கத்துக்கு மார்க்குப் போட்டவர்களுக்கும் தெரியாது. அவர்கள் எங்கோ உட்கார்ந்து படத்தைப் பார்த்து மார்க்குப் போட்டவர்கள். மூன்று மாதம் கழித்துக் கணக்கெடுத்தால், நிஜ வைத்தியம் பெற்றவர்களின் கை நடுக்கம் சராசரி 47 சதவிகிதம் குறைந்திருந்தது. பாவனை வைத்தியம் பெற்றவர்களுக்குக் குறைந்தது 0.1 சதவிகிதம். 2016-இல் இதைப் பிரசுரித்தபோது கெடுதியையும் அதே பக்கத்தில் பிரசுரித்தார்கள்: 36 சதவிகிதம் பேருக்கு நடை தடுமாறிற்று, 38 சதவிகிதம் பேருக்கு மரமரப்பு, ஒரு வருஷத்துக்குப் பிறகும் நடைத் தடுமாற்றம் 9 சதவிகிதம் பேருக்கும், மரமரப்பு 14 சதவிகிதம் பேருக்கும் நீங்கவில்லை. எந்த ஸ்தல புராணத்திலாவது இப்படி ஒரு பக்கம் உண்டா என்று கேட்கிறோம். அந்த வருஷமே அமெரிக்க சர்க்கார் இதற்கு அனுமதி கொடுத்தது. இப்போது நம் கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இந்த யந்திரம் இருக்கிறது.

இதைவிட விசேஷமானது பார்க்கின்சன் நோயில் கிடைத்த கணக்கு. 2023-இல் வெளிவந்த பரீட்சையில் மூளையின் வேறொரு பாகத்தைச் சுட்டார்கள். மொத்தம் 94 பேர். 69 பேருக்கு நிஜம், 25 பேருக்குப் பாவனை. மூன்று மாதத்துக்குப் பிறகு சோதிக்க முடிந்தவர்களில், நிஜக் கூட்டத்தில் 65 பேருக்கு 45 பேர் குணம் கண்டார்கள். பாவனைக் கூட்டத்தில்? 22 பேருக்கு 7 பேர்! ஒன்றுமே செய்யப்படாதவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் குணம் கண்டிருக்கிறார். அவர்கள் பொய் சொன்னவர்களல்ல.

இந்த இடத்தில் நம் தோழர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. விபூதி போட்டுக்கொண்டேன், கை நடுக்கம் குறைந்தது என்று ஒரு கிழவி சொன்னால் உடனே “பொய் சொல்லுகிறாள்” என்று சிரிக்கிறோம். அது சரியல்ல. கனடாவில் வான்கூவர் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2001-இல் ஒரு சங்கதியை வெளியிட்டார்கள். பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மருந்தென்று சொல்லி வெறும் தண்ணீர் மருந்தைக் கொடுத்து, மூளையைப் படமெடுத்துப் பார்த்தால், குணம் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே அந்த மூளை மிச்சமிருக்கும் டோபமைனைச் சுரந்திருக்கிறது! ஆகவே கிழவிக்கு அன்று கை இலேசானது வாஸ்தவமாகவே இருக்கலாம். கெட்டது என்னவென்றால், அது நீடிக்காது, வியாதி அதனால் ஒரு அடிகூடப் பின்வாங்காது, அவள் கொடுத்த காசு மாத்திரம் திரும்பி வராது. அவளைத் திட்டிப் பயனில்லை. அவள் கண்டது ஒரு நாள் சுகம் என்பதைக் காட்டுவதற்குப் பாவனைக் கூட்டம் ஒன்றை வைத்து எண்ணிப் பார்க்கவேண்டும். அந்த எண்ணிக்கைக்கு விபூதியும் நிற்கவேண்டும், பல கோடி ரூபாய் யந்திரமும் நிற்கவேண்டும். 65-க்கு 45 என்பதை 22-க்கு 7 என்பதன் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் யந்திரம் செய்தது எவ்வளவு, நம்பிக்கை செய்தது எவ்வளவு என்பது தெரிகிறது. மேலும், அந்த 45 பேரில் ஒரு வருஷத்துக்குப் பின் சோதிக்க முடிந்த 39 பேரில் 30 பேருக்கே குணம் நீடித்தது என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

இனி, மறதி நோய். இதைப்பற்றித்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும். அல்சைமர் என்று சொல்லப்படும் இந்த நோயில் அமிலாய்டு என்னும் ஒரு கசடு மூளையில் படிகிறது. அதைக் கரைக்க மருந்து கொடுத்தால் இரத்தத்திலிருந்து மூளைக்குள் போவது மிகச் சொற்பம். ஏனென்றால் மூளையின் இரத்தக்குழாய்ச் சுவர்கள் கண்டதையும் உள்ளே விடாதபடி இறுக அடைத்திருக்கின்றன. 2001-இல் ஹைனினென் கூட்டத்தார் முயல்களிடம் ஒன்றைக் காட்டினார்கள். இரத்தத்தில் நுண்ணிய குமிழிகளை விட்டு, மெல்லிய மீயொலியைப் பாய்ச்சினால், குமிழிகள் துடித்து அந்த அடைப்பைக் கொஞ்ச நேரம் விலக்குகின்றன. இங்கே சுடுவதில்லை; கதவைத் திறப்பது மாத்திரம். 2018-இல் கனடாவின் டொராண்டோவில் 5 நோயாளிகளுக்குச் செய்து, கதவு திறந்ததையும் ஒரு நாளைக்குள் மூடிக்கொண்டதையும் கண்டார்கள். 2024 ஜனவரியில் மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த ரெஸாய் முதலானவர்கள் 3 பேருக்கு மருந்தையும் ஒலியையும் சேர்த்துக் கொடுத்து, ஒலி பாய்ந்த பாகத்தில் கசடு சராசரி 32 சதவிகிதம் அதிகமாகக் குறைந்ததாகப் பிரசுரித்தார்கள்.

நல்லதுதான். ஆனால் கசடு குறைந்ததே தவிர, ஞாபகம் திரும்பியதென்று இதில் ருசுவாகவில்லை. 3 பேரைக் கொண்டு அதை ருசுப்படுத்தவும் முடியாது. பாவனைக் கூட்டமும் கிடையாது. அவர்கள் உபயோகித்த மருந்தையே அதன் கம்பெனி 2024-இல் கைவிட்டுவிட்டது. ஆராய்ச்சிக்காரர்கள் இதை “பத்திரமா என்று பார்க்கும் முதற்படி” என்றுதான் சொல்லுகிறார்கள். வழியில் இருப்பவர்கள்தான் “மறதிக்கு ஒலி வைத்தியம் வந்துவிட்டது” என்கிறார்கள். ஐரோப்பாவில் வேறொரு வகை ஒலித்துடிப்புக் கருவிக்கு, மறதி நோய்க்கென்று 2018-இல் விற்பனை அனுமதியே கிடைத்துவிட்டது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட முக்கியமான பரீட்சை 35 நோயாளிகளுடையது. அதிலும் பாவனைக் கூட்டம் இல்லை. பார்க்கின்சன் நோயாளிகளில் ஒன்றும் செய்யப்படாமலே மூன்றில் ஒருவர் குணம் கண்டதை இப்போதுதானே பார்த்தோம்? அப்படியிருக்க, ஒப்பிட ஆளில்லாத 35 பேரைக் காட்டிக் காசு வாங்குவதை விஞ்ஞானமென்று எப்படிச் சொல்லுவது?

சில மாதங்களுக்கு முன் ஒரு கிராமத்துத் தோழர் நம்மைத் தேடி வந்தார். தகப்பனாருக்கு இரண்டு வருஷமாக மறதி நோய். மகனையே யாரென்று கேட்கிறாராம். யாரோ ஒரு தரகன், ஒலி வைத்தியத்தில் சரியாகிவிடும், பல இலட்சம் ஆகும் என்று சொல்லியிருக்கிறான். இருக்கிற ஒன்றரை ஏக்கரை விற்றுவிடலாமா என்று கேட்டார். அவர் நம்மைவிடத் தீவிரமான பகுத்தறிவுவாதி. குலதெய்வத்துக்கு ஒரு தேங்காய் உடைக்காதவர். ஆனால் யந்திரமென்றதும், எம்.ஆர்.ஐ. என்றதும், கையெடுத்துக் கும்பிடத் தயாராகிவிட்டார். நாம் அவரிடம் சொன்னது இதுதான்: நிலத்தை விற்காதீர்கள். இந்த நோய்க்கு இது இன்றைக்குப் பரீட்சையே தவிர வைத்தியமல்ல. ஒழுங்கான பரீட்சையில் சேர்ந்துகொள்ளுகிறவனிடம் அந்த வைத்தியத்துக்குக் காசு கேட்பது வழக்கமல்ல. கேட்கிறார்களென்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள். அப்பாவைக் கவனிக்கப் பகலில் ஒரு ஆள் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மனைவி இரண்டு வருஷமாகத் தூங்கவில்லை. அவருக்கு இது பிடிக்கவில்லை. “நீங்களும் கையை விரித்துவிட்டீர்களே” என்று கேட்டபோது நமக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் நிலத்தை விற்கவில்லை என்று பின்னால் தெரிந்தது.

அதே தோழர் கை நடுக்கத்துக்காக வந்திருந்தால் நாம் வேறு விதமாகச் சொல்லியிருப்போம். மாத்திரைக்கு அடங்காத நடுக்கம், சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாத நிலை என்றால், போய் நரம்பு வைத்தியரைப் பாருங்கள் என்றிருப்போம். அப்போதும், எல்லோருடைய மண்டையோடும் இதற்கு ஏற்றதாயிராது. அதை ஸ்கேனில் பார்த்துத்தான் சொல்லுவார்கள். உடம்பில் சிலவகை இருதயக் கருவி வைத்திருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. யந்திரத்துக்குள் போகக் கூடாது. சிலருக்கு வருஷங்கள் போகப்போக நடுக்கம் ஓரளவு திரும்பிவிடுகிறது. இரண்டு கைக்கும் ஒரே நாளில் செய்வதில்லை. சாதாரண நடுக்கத்தில் இரண்டாவது பக்கத்தையும் பிறகு செய்யலாமென்று அமெரிக்காவில் 2022-இல்தான் அனுமதித்தார்கள். ஆகையால் வைத்தியரிடம் உட்கார்ந்து, நீங்கள் இதுவரை எத்தனை பேருக்குச் செய்தீர்கள், அவர்களில் எத்தனை பேருக்கு நடை தடுமாறிற்று, எத்தனை பேருக்கு நடுக்கம் திரும்பிற்று, கம்பி வைப்பதற்கும் இதற்கும் என் விஷயத்தில் எது மேல் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளுகிற வைத்தியரிடம் மூளையை ஒப்படைக்க வேண்டாம்.

நேரமாகிவிட்டதென்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். நாம் சொன்னதில் விளங்காதது இருந்தாலும், தப்பென்று தோன்றுவது இருந்தாலும், தோழர்கள் எழுந்து கேட்கலாம். சீட்டில் எழுதிக் கொடுத்தாலும் சரி.